மழை நாளில் திருச்செந்தூர் முதல் குமரி வரை: ஒரு வாடகைக் கார் சேவை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொடர்ந்து விடுமுறை வந்தால், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நெல்லைக்கு வரும் உறவினர்கள், கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரை போய் வர வேண்டும் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படி வந்த எங்கள் வீட்டு விருந்தினர்களுக்காக, நெல்லைச் சந்திப்புப் பகுதியில் உள்ள ஒரு டிராவல்ஸ் நிறுவனத்தில் ஓட்டுநருடன் ஏழு பேர் அமரும் கார் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். வண்டியும் ஓட்டுநரும் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக அமைந்தார்கள். அலுவலகத்தின் கணக்கு வழக்கைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

முதலில் வாடகை முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொள்கிறார்கள்; ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங் ஆகியவை தனி. நெல்லையிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், அங்கிருந்து கரையோரமாகக் குமரி வரை 90, நாற்கரச் சாலையில் வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திரும்பினால் 85 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 235 கிலோமீட்டர்தான் வருகிறது. ஆகவே மணப்பாட்டுக்கும் இடிந்தகரைக்கும் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு வருவதற்குக் கூடுதலாகப் பெரிய செலவு எதுவும் ஆகாது. ஆனால், கிலோமீட்டர் கணக்கு உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்குவதில்லை, அவர்களுடைய ஷெட்டிலிருந்து ஷெட் வரை என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டுநர் ஏரல் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். விடிவதற்கு முன்பே வந்து, டயர்களையும் வைப்பரையும் எங்கள் முன்னிலையிலேயே சரிபார்த்தார். வைப்பரின் ரப்பர் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. மழைப் பயணத்தில் இருக்கையின் மெத்தையைவிட இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். பாளையங்கோட்டையைத் தாண்டி, செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாகத் தாமிரபரணியின் தென்கரையில் செல்லும் அந்தச் சாலையில், ஒரு பக்கம் வாழைத் தோட்டங்களும் மறுபக்கம் நிறைந்த வாய்க்காலுமாக இருந்தன. ஆழ்வார்திருநகரியில் மழை சற்று விட்டபோது, இனி வேகமாகப் போகலாமே என்று உறவினர் ஒருவர் கேட்க, "மழ விட்டாலும் ரோட்டுல கெடக்க தண்ணி விடாது அண்ணாச்சி, கடம்பாகொளம் மறுகால் பாயுதான்னு கேட்டுட்டுப் போவோம்" என்று சொல்லி, ஒரு டீக்கடையில் நிறுத்தி, அந்தக் குளம் நிரம்பி வழிகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

இந்த எச்சரிக்கை வீண் பயத்தால் வந்ததன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே பயணிகளோடு நின்றுவிட்டதையும் இந்தப் பக்கத்தவர் யாரும் மறக்கவில்லை. வரைபடச் செயலி காட்டும் குறுக்கு வழிகளில் பல, தரைப்பாலத்தில் போய் இறங்கும் வழிகள். வெளியூரிலிருந்து சொந்தக் காரில் வருபவருக்கு அந்தப் பாலத்தில் நீர் எவ்வளவு ஆழம் ஓடுகிறது என்பது தெரியாது. உள்ளூர் ஓட்டுநருக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பதாவது தெரியும். வாடகைக் காருக்கு நாம் கொடுக்கும் பணத்தில் பாதி இதற்கே போனாலும் தகும் என்பது என் கருத்து.

திருச்செந்தூரில் அதிக நேரம் தங்கவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் குடமுழுக்கு முடிந்ததிலிருந்து கூட்டம் குறைந்தபாடில்லை. கந்த சஷ்டி நாட்களாக இருந்தால், கடற்கரைப் பயணத்தோடு இந்தக் கோயிலைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

குலசேகரன்பட்டினத்தைக் கடந்து போகும்போது, முத்தாரம்மன் கோயில் தசராவைப் பற்றியும், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றியும் ஓட்டுநர் சொல்லிக்கொண்டே வந்தார். கேட்டால் சொல்கிறார், கேட்காவிட்டால் பேசாமல் ஓட்டுகிறார். பயண வழிகாட்டி என்று தனியாகக் காசு வாங்குபவர்களிடம்கூட இந்தப் பக்குவத்தைக் காண்பது அரிது. உடன்குடியில் கருப்பட்டிக் காபி குடிக்க நிறுத்தியபோது, ஓலைப் பெட்டியில் கருப்பட்டி வாங்க முனைந்த என் அத்தையை அவரே தடுத்தார். மழைக்காலத்து ஈரத்தில் கருப்பட்டி இளகிக் கசியும் என்பதால், கடைக்காரரிடம் சொல்லி உள்ளே புகை படும்படி வைத்திருந்த பழைய சரக்கை எடுத்துவரச் செய்தார். உடைத்துக் காட்டிய துண்டின் உட்புறம் கறுத்து, விரலில் ஒட்டாமல் இருந்தது. அந்தக் கடையில் அவருக்குக் கமிஷன் கிடைக்குமோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை; இருந்தாலும் பொருள் நன்றாக இருந்தது.

மழைக்காலத்தில் இந்தக் கடற்கரையில் காண வேண்டிய இடம் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் உச்சியில், 1581இல் கட்டப்பட்ட திருச்சிலுவைக் கோயில் நிற்கிறது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, கீழே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கார்மேகம் தென்கிழக்கிலிருந்து ஏறி வருவதையும், மழைத்திரை கடலின் மேல் நகர்ந்து வந்து முதலில் படகுகளையும் பிறகு கரையையும் மறைப்பதையும் மேலே நின்று முழுமையாகப் பார்க்க முடிந்தது. நனைந்த படிகள் வழுக்குகின்றன. முதியவர்களைக் கைப்பிடித்து இறக்க வேண்டும். ஓட்டுநர் வண்டியில் இரண்டு பெரிய குடைகள் வைத்திருந்ததோடு, அத்தையை அவரே இறக்கிக் கூட்டிவந்தார்.

மணப்பாட்டுக்குப் பிறகு கரையை விட்டுச் சற்று உள்ளே திரும்பி, தேரி எனப்படும் செம்மணல் மேட்டைப் பார்த்தோம். இரும்புத் தாது படிந்து சிவந்த அந்த மணல், மழையில் நனைந்ததும் செங்கல் நிறத்திலிருந்து இருண்ட குங்கும நிறத்துக்கு மாறிவிடுகிறது. எவ்வளவு மழை பெய்தாலும் பனைகளுக்கு நடுவே நீர் தேங்காமல் மணல் உறிஞ்சிக்கொள்வதையும், தார்ச்சாலையின் ஓரத்தில் மட்டும் சிவப்பு நீர் ஓடுவதையும் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். திரும்பி ஏறுவதற்குள் ஓட்டுநர் கால்மிதியின் மேல் செய்தித்தாள் விரித்திருந்தார்.

உவரியிலிருந்தே அவர் குமரிக்குத் தொலைபேசியில் பேசி, கடல் கொந்தளிப்பால் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் ஓடவில்லை என்று தெரிந்துகொண்டார். விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில் நடப்பதுதான் பிள்ளைகளின் ஆசை என்பதால் ஏமாற்றம் இருந்தது. ஆயினும் அந்த நேரத்தை உவரியில் அந்தோணியார் கோயிலுக்கும், கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலுக்கும், சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் நிதானமாகச் செலவிட முடிந்தது. இடிந்தகரையில் கூடங்குளம் அணுஉலைக் கட்டடங்கள் மழை மூட்டத்துக்குள் மங்கலாகத் தெரிந்தன. குமரியில் கரையில் நின்றே 133 அடிச் சிலையைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன்பே நாற்கரச் சாலையைப் பிடித்தோம். இரவில் கடற்கரைச் சாலையில் திரும்ப மாட்டேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

குறை என்று சொன்னால் அது பில்லில்தான். பேசிய தொகையோடு, முன்பே சொல்லாத 500 ரூபாய் 'வண்டி கழுவும் கட்டணம்' சேர்க்கப்பட்டிருந்தது. உப்புக் காற்றும் தேரி மண்ணும் பட்ட வண்டிக்கு அடிப்பகுதி வரை தண்ணீர் அடிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் இருந்தவர் விளக்கினார். காரணம் நியாயமானதே, ஆனால் கடற்கரைக்குத்தான் போகிறோம் என்பது பதிவு செய்யும்போதே அவர்களுக்குத் தெரியும். நீண்ட பேச்சுக்குப் பிறகு பாதியைக் குறைத்தார்கள். ஓட்டுநருக்கு அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போகாது என்பதை அலுவலகத்தில் இருந்தவரே ஒப்புக்கொண்டதால், குறைத்ததில் எங்களுக்கு மிச்சமான 250 ரூபாயைப் பேட்டாவோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்தோம். தை மாதத்தில் இதே வண்டியைத் தனுஷ்கோடிக்குக் கேட்டிருக்கிறேன். இம்முறை ஓட்டுநர் இவர்தான் என்பதையும், கழுவும் கட்டணம் உட்பட எல்லாத் தொகையையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிய பிறகே முன்பணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.