சிறாய் பிளக்க ஒரு கைக்கோடாலி: மூன்றை வைத்துப் புழங்கிய அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் விறகு வாங்கியவர்களுக்குத் தெரியும். "நல்லா காஞ்ச விறகுங்க" என்று சொல்லித்தான் வண்டியிலிருந்து இறக்குவார்கள். அடுப்பில் வைத்தால் புகை கண்ணைக் கரிக்குமே தவிர தீ பிடிக்காது. நாங்கள் இருப்பது நீலகிரியின் கிழக்குச் சரிவு. வடகிழக்குப் பருவமழை இங்கே வஞ்சனையில்லாமல் பெய்யும். ஆனால் கோடையிலேயே வெட்டிக் காயவைத்த கட்டையாக இருந்தால், மழை நனைப்பது அதன் மேல்பக்கத்தை மட்டும்தான். பிளந்து பார்த்தால் உள்ளே உலர்ந்தே இருக்கும். அந்த உள்பாகத்திலிருந்து விரல் கனத்துக்கு நாலு சிறாய் எடுத்துவிட்டால் மண்ணெண்ணெய் ஊற்றாமலே அடுப்பு பற்றிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் சமையல் கேஸில்தான். விறகு தேவைப்படுவது காலையில் வெந்நீர் பாய்லருக்கும், மார்கழி, தை இரவுகளில் கணப்புக்கும். ஆக பெரிய மரம் வெட்டும் வேலை எதுவும் இல்லை. கடையிலிருந்து ஒன்றரை அடி நீளத்தில் அறுத்து வரும் துண்டுகளை நாலாகப் பிளப்பது, அதில் ஒன்றை எடுத்துச் சிறாயாக்குவது, அவ்வளவுதான். இதற்காக மூன்று கைக்கோடாலிகள் கைமாறி வந்து, மூன்றுமே இன்னும் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சில மழைக்காலம் முழுக்கப் புழங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலாவது ஹார்டுவேர் கடைச் சரக்கு. இரும்புக் குழாய்ப் பிடி, மேலே ரப்பர் உறை, 600 கிராம் தலை. பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த வகை பல ஸ்டிக்கர்களில் வருகிறது. வாங்கிய புதிதில் கூர்மை அருமையாக இருந்தது. கிளை கழிக்க, தேயிலைக் கவாத்துச் சுள்ளிகளை நறுக்க ஒரு குறையும் இல்லை. கட்டையில் இறக்கினால்தான் சிக்கல். வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உள்ளே போகும், அங்கேயே நின்றுவிடும். மரம் இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். ஆட்டி ஆட்டிப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும். பத்துக் கட்டை முடிப்பதற்குள் முழங்கை விண் விண் என்று தெறிக்கும், ஏனென்றால் இரும்புக் குழாய் ஒவ்வொரு அடியின் அதிர்வையும் அப்படியே கைக்குக் கடத்துகிறது. இரண்டாம் மழைக்காலத்தில் ரப்பர் உறை ஈரக்கையில் சுழல ஆரம்பித்தது. கணுவில் பட்ட இடத்தில் வாய் மழுங்கவில்லை, மடிந்தே போனது. இரும்பில் பதம் போதவில்லை என்று அர்த்தம்.

ஆனாலும் அந்தக் கோடாலியின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அது வெட்டச் செய்தது, பிளக்கச் செய்ததல்ல. நாருக்குக் குறுக்கே வெட்ட மெல்லிய வாய் வேண்டும், ஆழமாக இறங்க வேண்டும். நாரோடு பிளக்கும்போது ஆழம் முக்கியமில்லை. நுழைந்த வேகத்தில் இரண்டு பக்கமும் தள்ளிப் பிரிக்க வேண்டும். அந்தத் தள்ளும் வேலையைச் செய்வது வாய் அல்ல, வாய்க்குப் பின்னால் இருக்கும் கன்னம். கன்னம் தட்டையாக இருந்தால் எவ்வளவு சாணை பிடித்தாலும் சிக்கிக்கொண்டுதான் நிற்கும். கடையில் கோடாலியை எடுக்கும்போது எல்லோரும் வாயைத்தான் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார்கள். தலையை மேலிருந்து பாருங்கள். ஆப்பு மாதிரி விரிந்து போகிறதா என்று கவனியுங்கள். வாயிலிருந்து ஓர் அங்குலம் பின்னால் 10 மில்லிமீட்டராவது கனம் வேண்டும். காம்பு நுழையும் இடத்தில் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது.

இரண்டாவது, ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7. வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது. 1649-இல் தொடங்கிய பின்லாந்து நிறுவனம், பெயரே அந்த ஊரின் பெயர்தான். மொத்த நீளம் 35 சென்டிமீட்டர்தான் வரும், மொத்த எடை 640 கிராம் அளவு. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் பிடியைத் தலையைச் சுற்றியே வார்த்திருக்கிறார்கள். அதனால் தலை கழன்று பறக்கும் பயம் இல்லை, மழையில் ஊறுவது, வெயிலில் சுருங்குவது எதுவும் இல்லை. உள்ளே வெற்றிடம் இருப்பதால் பிடி லேசு, எடையெல்லாம் தலையில் நிற்கிறது. சிறாய் எடுக்கும் வேலைக்கு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும், நேராக நார் ஓடும் சீகை (வாட்டில் மரம்) கட்டை வரிசையாகப் பிரிந்து விழும். மாமியார்கூட இதைத்தான் எடுப்பார்.

குறை என்று பார்த்தால் இரண்டு. ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள கட்டையில் இதற்குப் பலம் போதாது, முதல் பிளவு விழவே விழாது. அதே நிறுவனத்தின் எக்ஸ்11, கிட்டத்தட்ட 1.1 கிலோ, 44 சென்டிமீட்டர், அந்த வேலைக்கு என்றே கன்னம் பருத்துச் செய்தது. ஆனால் அதைத் தூக்கிச் சிறாய் எடுக்க முடியாது. இரண்டாவது குறை, பிடி என்றைக்காவது உடைந்தால் கதை முடிந்தது. புதுக் காம்பு போட வழியே இல்லை. இதுவரை உடையவில்லை. வாயில் பூசிவந்த கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளை தெரிகிறது, அதனால் வேலையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

மூன்றாவதுதான் இப்போது தினமும் கைக்கு வருவது. மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. நீலகிரியில் இரும்பு வேலை என்றால் கோத்தர்கள்தான். தோடர்களுக்கும் படுகர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கோடாலியும் கத்தியும் அடித்துக் கொடுத்தவர்கள். கோத்தகிரி என்ற ஊர்ப்பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். இப்போது உலை மூட்டுகிறவர்கள் குறைந்துவிட்டதால் கீழே இறங்க வேண்டியதாயிற்று. பட்டறைக்காரரிடம் கைக்கோடாலி வேண்டும் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வெட்டறதுக்குங்களா, பொளக்கறதுக்குங்களா?" எந்தக் கடையிலும் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை.

பிளக்க என்றேன். என்ன மரம் என்றார். சீகை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), கொஞ்சம் சில்வர் ஓக் என்றேன். "அப்ப கன்னத்தை நல்லா ஏத்திக் கொடுக்கறனுங்க" என்று வேலையை ஆரம்பித்தார். உடல் சாதாரண இரும்பு. வாய்க்கு மட்டும் லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு. துருத்தி போய் மின்விசிறி வந்துவிட்டது, மற்றபடி கரியும் சம்மட்டியும் பழைய மாதிரிதான். அடித்து முடித்து, வாயை மட்டும் செந்நிறத்துக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். தோய்த்த இடத்தை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு மறுபடி அனலில் காட்டினார். வெள்ளையாக இருந்த இரும்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடியது, பின்னாலேயே பழுப்பு, ஊதா. ஊதா வாயை எட்டும் நேரம் சட்டென்று எடுத்துவிட்டார். மஞ்சளில் நிறுத்தினால் கடினம் அதிகம், கணுவில் பட்டால் பல் உதிரும். நீலம் முற்றிப் போனால் கடையில் வாங்கிய கோடாலி மாதிரி மடியும். இந்த ஒரு நிமிட வேலைக்குத்தான் பட்டறைக்கூலி என்பது என் கருத்து.

தலை 750 கிராம், காம்பு கருவேலம், ஒன்றேகால் அடி. காம்பு தேர்ந்தெடுக்கும்போது அவர் அடிப்பக்க வெட்டு முகத்தைத் திருப்பிக் காட்டினார். ரேகைகள் வாயின் போக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் பாதியில் முறியும். மரக்காம்பு அதிர்வைத் தானே வாங்கிக்கொள்கிறது என்பதை முதல் வாரத்திலேயே முழங்கை சொல்லிவிட்டது.

எட்டு அங்குலக் கட்டை வரை இது ஒன்றே போதும். அதற்கு மேல் என்றால் நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிச் செதில் செதிலாகப் பிரித்து உள்ளே போக வேண்டும். அதுவும் முடியாத கட்டைக்கு மூன்று கிலோ கோடாலியும் நீளக் காம்பும்தான் வழி, கைக்கோடாலியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கோடாலி என்பதைவிட இதுதான் பாதி வேலையைத் தீர்மானிக்கிறது. சீகை தங்கமான மரம். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஒரு காலத்தில் மலை முழுக்க நட்டுவிட்டு, இப்போது புல்வெளியை விழுங்குகிறது என்று அகற்றுகிறார்கள். அது வேறு வழக்கு. விறகாக நேராகப் பிளக்கும், சூடும் அதிகம். சில்வர் ஓக் லேசாகப் பிளக்கும், சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும், சிறாய்க்கு நல்லது. கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காயவிட்டால் நார் ஒன்றோடொன்று பின்னி முறுக்கிக்கொண்டு எந்தக் கோடாலியையும் திருப்பி அனுப்பும். சமவெளியில் இருப்பவர்களுக்குச் சவுக்கு பிரச்சினையில்லை. சீமைக் கருவேலம்தான் கோணலும் கணுவுமாகச் சோதிக்கும், அதற்கு எடை கூடின தலையை எடுங்கள். வெறும் தென்னை மட்டையும் பாளையும்தான் என்றால் கோடாலியே வேண்டாம், கொடுவாள் போதும்.

கைக்கோடாலியின் காம்பு குட்டை என்பதே அதன் ஆபத்தும். நீளக் கோடாலி குறி தவறினால் எதிரில் தரையில் குத்தும். இது தவறினால் வளைந்து நம் முழங்காலுக்கோ கணுக்காலுக்கோதான் வரும். அதனால் நின்றுகொண்டு பிளப்பதில்லை. அடிக்கட்டைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்துவிடுவேன், கட்டை நமக்கும் கோடாலிக்கும் நடுவே இருக்கும்படி. சிறாய் எடுக்கும்போது விறகை விரலால் பிடித்து மேலே ஓங்குவது வேண்டவே வேண்டாம். வாயை விறகின் தலையில் வைத்து லேசாகத் தட்டி ஒட்டவைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்துத் தூக்கி அடிக்கட்டையில் இறக்கினால் தானே பிளக்கும். சிக்கிக்கொண்டால் கோடாலியின் பின்தலையில் ஒரு விறகுக் கட்டையால் தட்டலாம். சுத்தியலால் தட்டாதீர்கள். இரும்பின்மேல் இரும்பு பட்டால் தலை பிதுங்கும், சில்லு தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை அரத்தால் நாலு இழுப்பு, ஒரே திசையில். பிளக்கும் கோடாலிக்குச் சவரக்கத்திக் கூர்மை தேவையில்லை, 30 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கோணம் இருக்கட்டும், நாள்பட நிற்கும். அரம் கொஞ்சம் எதிர்த்துக்கொண்டே கடிக்க வேண்டும். வழுக்கினால் பதம் அதிகம், வெண்ணெயாக இறங்கினால் பதம் குறைவு. மழைக்காலத்தில் வாய்க்குத் தேங்காய் எண்ணெய் தடவிவைத்தால் துரு ஏறாது. காம்புக்கு ஆளிவிதை எண்ணெய். சமையல் எண்ணெய் போட்டால் பிசுக்குப் பிடிக்கும். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கும்போதுதான் ஆப்பு இளகியிருக்கிறதா என்றும் பார்ப்பது. மாசி, பங்குனியில் மலைக்காற்று வறண்டதும் காம்பு சுருங்கி லேசாக ஆடும். சிலர் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். ஊறினால் இறுகும்தான், ஆனால் நார் ஓட்டைக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். இன்னொரு ஆப்பு இறக்குவதே சரி.

செலவு என்று கேட்டால், பட்டறைக் கோடாலி காம்போடு சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது. வாய் தேய்ந்தால் புதிதாக வாய் வைத்துத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். பட்டறை பக்கத்தில் இல்லாதவர்களும், வீட்டில் பெரியவர்கள் பிளக்கிறார்கள் என்பவர்களும் எக்ஸ்7 அளவில் ஏதாவது எடுக்கலாம். விறகுக் கடையிலேயே நாலாகப் பிளந்து தரச் சொல்லிவிட்டால் அதுவே தாராளம். குழாய்ப் பிடிக் கோடாலி கவாத்து சமயத்தில் வெளியே வருகிறது, அந்த வேலைக்கு மற்ற இரண்டையும்விட அதுதான் நன்றாக இருக்கிறது. அடுத்த தடவை பட்டறைக்குப் போகும்போது காம்பை மட்டும் இரண்டு அங்குலம் கூட்டிப் போடச் சொல்லப்போகிறேன். ஒன்றேகால் அடி என் கைக்குக் கொஞ்சம் குட்டை.