மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். ஒரு சிவப்பு விளக்கைக் காட்டி என்னிடம் 2,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பாதியில் நெட் நின்றுவிட்டது. மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விட்டுவிட்டு எரிந்தது. கம்பெனியோடு இணைப்பு இருப்பதைக் காட்டும், வழக்கமாகப் பச்சையாக இருக்கும் பி.ஓ.என். விளக்கு அணைந்திருந்தது.

சரிபார்க்க வந்த தம்பி பீரோவை முன்னால் இழுத்தார், மோடம் பாக்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "போர்டு போயிடுச்சுக்கா, ரெட் லைட் வந்தா அவ்வளவுதான், புதுசுதான் போடணும்" என்றார். எந்தக் கருவியையும் வைத்துப் பார்க்கவில்லை. மறுநாள் பிள்ளைகளுக்குத் தேர்வு, சரி என்று சொல்லிவிட்டேன். வேறொரு பாக்ஸை மாட்டி, ஆபீஸுக்குப் போன் போட்டு அதன் சீரியல் நம்பரைப் பதியச் சொன்னார். பச்சை வந்தது. பழையது வேஸ்ட் என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பில்லும் தரவில்லை.

வியாழக்கிழமை பீரோவைப் பழையபடி சுவரோடு தள்ளி வைத்தேன். கால் மணி நேரத்தில் அதே சிவப்பு.

இந்த முறை எதிர்வீட்டு அக்கா சொன்ன வேறொருவரைக் கூப்பிட்டேன். அவர் பாக்ஸைத் தொடவே இல்லை. அதில் செருகியிருந்த ஃபைபர் ஒயரின் பச்சை முனையைக் கழற்றி, கையில் இருந்த, ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் மாட்டினார். மைனஸ் 33 காட்டியது. மைனஸுக்குப் பின்னால் எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு என்று அர்த்தமாம். பொதுவாக அந்த எண் 27ஐத் தாண்டினால் பாக்ஸுக்கு வெளிச்சம் போதாது. அப்புறம் பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். ஃபைபர் ஒயர் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் நசுங்கி, கொண்டை ஊசி போல மடங்கிக் கிடந்தது. பீரோவை இழுத்து ஒயரை நிமிர்த்தியதும் மீட்டரில் மைனஸ் 21. மடங்கிய துண்டை வெட்டிவிட்டுப் புது முனை போட்டுக் கொடுத்தார். 300 ரூபாய்தான் வாங்கினார்.

எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் ஒயர் வழியாக வர வேண்டிய ஒளி பாக்ஸுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஒயர் மடங்கியிருக்கும், தெருவில் அறுந்திருக்கும், இல்லை முனையில் அழுக்கு இருக்கும். பாக்ஸே கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் அதைச் சொல்லக்கூடாது. பி.ஓ.என். பச்சை நிற்காமல் மினுக்கினால் பாக்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில் இன்னும் பதிவாகவில்லை. அது பச்சையாக நிலைத்து நின்று, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியவில்லையா? பணம் கட்டும் தேதியையும் லாகினையும் பாருங்கள். எந்த விளக்குமே எரியாவிட்டால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். லேன், வைஃபை விளக்குகள் மினுக்குவது தகவல் போய்வருகிறது என்பதற்கு அடையாளம், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விளக்குக்குக் கீழே இருக்கும் எழுத்தைப் படியுங்கள்.

இன்னொன்று, கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத லேசர். குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

ஆள் வந்தால், "மீட்டர்ல எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். புதுசு போட்டே ஆக வேண்டும் என்றால் பில் வாங்குங்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பழைய பாக்ஸைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். நான் அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி என் பழைய பாக்ஸைத் திருப்பிக் கேட்டேன். "அதை வேற வீட்ல மாட்டியாச்சேக்கா" என்றார்.