டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி

ஜூலையில் திருச்சி போய் இறங்கிய நான்காம் நாளே குளிர்க் காய்ச்சல். மூன்று வாரம் முன்பு மாசசூசெட்ஸில் கேப் காட் பக்கம் பிள்ளைகளோடு புல்வெளியில் சுற்றியபோது, முழங்காலுக்குப் பின்னால் கசகசா அளவில் ஒட்டியிருந்த ஒன்றைக் கிள்ளிப் போட்டிருந்தேன். மான் உண்ணி. கோடையில் எங்கள் பக்கம் அது சகஜம் என்பதால் மறந்தே போயிருந்தேன்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். உண்ணி என்றதும் ட்யூட்டி டாக்டர் 'உண்ணிக் காய்ச்சல்' பரிசோதனைக்கு எழுதினார். நம் ஊரில் அந்தப் பெயர் ஸ்க்ரப் டைஃபஸைக் குறிக்கும். அதைப் பரப்புவது வேறொரு சிறு பூச்சியின் இளம்புழு, கிருமியும் பாக்டீரியா. முடிவு நெகட்டிவ். மலேரியாவுக்கான உடனடிச் சோதனை அட்டையும் நெகட்டிவ். ஆனால் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்த ரத்தப் பூச்சில், மலேரியாவில் போலவே சிவப்பணுவுக்குள் வளையங்கள் தெரிந்தன.

லேப் டாக்டரம்மாதான் என் கட்டிலுக்கே வந்து, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்கம்மா?" என்று கேட்டார். சொன்னதும் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். ஒரு சிவப்பணுவுக்குள் நான்கு ஒட்டுண்ணிகள் சிலுவை போல் சேர்ந்திருந்தன. மலேரியாவில் வரும் பழுப்பு நிறமி இல்லை. "பேபிசியா. புத்தகத்துல பார்த்ததுதான்" என்றார். மான் உண்ணி கடித்துப் பரவும் ஒட்டுண்ணி அது. அந்த ஒரு கேள்விக்காக அவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும், மலேரியாவுக்கும் கொடுக்கும் குவினைனும் கொடுத்தார்கள். இரண்டு நாள் காதுக்குள் ரீங்காரம், அப்புறம் காய்ச்சல் இறங்கியது. நர்ஸ்கள் பார்த்துக்கொண்ட விதத்தில் ஒரு குறையும் இல்லை.

சிக்கல் டிஸ்சார்ஜ் அன்றுதான். சம்மரியில் நோயின் பெயர் சரி, பக்கத்தில் ஐசிடி குறியீடு, அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உள்ள சர்வதேச எண், மட்டும் பி54. அது வகை குறிப்பிடாத மலேரியா. ரெக்கார்ட்ஸ் அறையில் கேட்டால், "குவினைன் போட்டிருக்காங்களே மேடம், அப்ப மலேரியாதானே?" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் கோபம் வரவில்லை. மருந்தைப் பார்த்து நோயை ஊகிக்க வேண்டிய நிலையில் அவரை உட்கார வைத்ததுதான் தப்பு.

ஆனால் விட்டுவிடவும் முடியாது. இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்தக் குறியீட்டைத்தான். நாளைக்கு என் ரத்தத்தைப் பார்க்கும் மருத்துவருக்கும் அது தவறான வழி காட்டும். டாக்டரம்மா கையெழுத்தோடு கடிதம் வாங்கி, இரண்டு நாள் அலைந்து, பி60.0 என்று திருத்தி வாங்கினேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் பேபிசியோசிஸுக்கு, அதாவது பேபிசியாவால் வரும் நோய்க்கு, உரிய எண் அது.

அமெரிக்காவில் அதுவும் போதாது. 2020 அக்டோபரிலிருந்து அங்கே இன்னோர் இலக்கம் கூட வேண்டும்: வகை தெரியாவிட்டால் பி60.00, பேபிசியா மைக்ரோட்டி என்ற வகை என்றால் பி60.01. திரும்பி வந்ததும் என் மருத்துவர் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை எடுத்துப் பார்த்தார். மைக்ரோட்டிதான். திருச்சி சம்மரியை வரிவரியாகப் படித்துவிட்டு, "இதை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். டாக்டரம்மாவின் பெயரைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.