டுபிலுமாப்: ஐந்து வருடம் போட்டுக்கொண்ட பிறகு

கரப்பானுக்கு (எக்ஸிமா) டுபிலுமாப் ஊசி போட ஆரம்பித்ததும் முதலில் போனது அரிப்பு. மூன்றாவது ஊசிக்கு முன்பே ஒரு காலையில் படுக்கையை உதறினேன். வழக்கமாக உதிரும் தோல் பொடி பாதிகூட இல்லை. ராத்திரி சொறியவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கரப்பான். கத்தரிக்காய், கருவாடு எல்லாம் ‘கரப்பான் பண்டம்’ என்று அம்மா வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். லண்டன் வந்த பிறகு குளிரில் இன்னும் மோசமானது. ஆனால் இங்கே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் எடுத்த எடுப்பில் டுபிலுமாப் தராது. எந்த மருந்தை யாருக்குத் தரலாம் என்று அதற்குச் சொல்லும் நைஸ் அமைப்பு 2018-ல் சொன்னபடி, சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் மாதிரி நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளில் ஒன்றாவது சரிவராமல் போயிருக்க வேண்டும். எனக்குச் சைக்ளோஸ்போரின் நன்றாகவே கேட்டது. கூடவே ரத்த அழுத்தமும் ஏறியது. அதனால் 2020 கடைசியில் இதற்கு மாற்றினார்கள்.

ஆரம்பிக்கும் முன் தோலுக்கு மதிப்பெண் போடுவார்கள். 16 வாரத்தில் அது பாதியாவது இறங்காவிட்டால் ஊசி நின்றுவிடும். அந்தக் கணக்கில் சிவப்புக்கு ஒரு பங்கு உண்டு. என் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியும்? கன்றிப்போய்க் கருஞ்சாம்பலாகத்தான் இருக்கும். முதலில் பார்த்த டாக்டர் ‘லேசானது’ என்று எழுதிவிட்டார். அடுத்த முறை ஒரு நர்ஸ் முழங்கை மடிப்பை விரலால் தடவி, தடிப்பையும் சூட்டையும் பார்த்து மாற்றி எழுதினார். நம் நிறத்தவர்கள் இப்படித் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கருமை மறையவும் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் நாள் 300 மில்லிகிராம் ஊசி இரண்டு, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. தொடையில் நானே போட்டுக்கொள்கிறேன். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 4, 13 என்ற இரண்டு சமிக்ஞைகளை மட்டும் இது மறிக்கிறது. சைக்ளோஸ்போரின் காலத்தில் அடிக்கடி கொடுத்த ரத்தப் பரிசோதனை இதற்குத் தேவைப்படவில்லை.

விலை கொடுத்தது கண். நான்காவது மாதத்திலிருந்து மணல் விழுந்த மாதிரி உறுத்தல், காலையில் பீளை. இது தெரிந்த பக்கவிளைவுதான், நிறையப் பேருக்கு வருகிறது. நான் ஆறு வாரம் சும்மா இருந்தது முட்டாள்தனம். கண் மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தில் அடங்கியது. செயற்கைக் கண்ணீரை இன்றுவரை விடவில்லை.

சென்னைக்குப் போனால் வேறு தலைவலி. ஃப்ரிட்ஜுக்கு வெளியே 14 நாள் வரை வைக்கலாம், ஆனால் 25 டிகிரிக்குள். மே மாதத்தில் நம் வீட்டு ஹாலுக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஐஸ் பையோடு கைப்பையில் கொண்டுபோய், நேராக ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். போன வருடம் மருந்து கொண்டுவரும் கம்பெனி சொதப்பியதில் மூன்று வாரம் தள்ளிப்போனது. முழங்கை மடிப்பில் பழைய குறுகுறுப்பு எட்டிப் பார்த்தது. பெட்டி வந்த அன்று, வெளியே 45 நிமிடம் வைத்துக் குளிர் போகவிடக்கூடப் பொறுமையில்லை. அப்படியே குத்திக்கொண்டேன், தொடை எரிந்த எரிச்சல் இருக்கிறதே!