முன்னாள் படைவீரருக்கு நிவாரணப் பணம்: வங்கிக் கணக்கா, தபால் உறையா?

அமெரிக்காவில் 2020 மார்ச்சில் வந்த கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டம் பெரியவர் ஒருவருக்கு 1,200 டாலர் வரை கொடுத்தது. கணக்கு விவரம் அரசிடம் இருந்த பலருக்கு ஏப்ரல் நடுவிலேயே பணம் ஏறிவிட்டது. தபாலை நம்பியவர்கள் பாடு திண்டாட்டம்தான். மே மாதம் சுமார் 40 லட்சம் பேருக்குக் காசோலைக்குப் பதில் டெபிட் கார்டு போனது. உறையில் அரசு முத்திரையே இல்லை. விளம்பரம் என்று நினைத்துச் சிலர் குப்பையில் போட்டார்கள். காசோலை வந்தாலும், கணக்கில்லாதவர் அதை மாற்றக் கட்டணம் அழவேண்டும். உடல் முடியாத முன்னாள் படைவீரருக்கு இது கொடுமை.

கணக்குதான் நல்லது என்பேன். முன்னாள் படைவீரர் நலத்துறை 2019 டிசம்பரிலேயே வங்கிகளோடு சேர்ந்து, வீரர்கள் உதவிப் பணத்தைக் கணக்கிலேயே பெற ஒரு திட்டம் தொடங்கியது. சரி, வீடே இல்லாத வீரருக்கு? யாராவது கூடப்போய்க் கணக்கு திறந்து கொடுக்க வேண்டும். நாடாளுமன்றக் குழுக்கள் அதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.