பொங்கல் வாழ்த்து அட்டை: சங்குப்பூவா, அரசிலையா, பூளைப்பூவா?

ஒரு காலத்தில் மார்கழி பிறந்தாலே கடைவாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். ரஜினி ஒரு பக்கம், முருகன் ஒரு பக்கம். அந்தக் கயிறுகள் காணாமல் போன பிறகு, மூன்று வருடமாக நாங்களே வீட்டில் அட்டை செய்து தபாலில் அனுப்புகிறோம். பூ, இலை, வைக்கோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் பார்த்தாயிற்று.

முதலில் நாள் கணக்கு. பொங்கலுக்கு முன்பே அட்டை போய்ச் சேர வேண்டுமென்றால் ஜனவரி 5க்குள் தபால் பெட்டியில் போட்டாக வேண்டும். அதாவது டிசம்பர் கடைசிக்குள் செடிகள் காய்ந்து தயாராக இருக்க வேண்டும். வெளியே மார்கழிப் பனி, வீட்டுக்குள் ஈரக்காற்று. எந்தச் செடி அழகு என்பதைவிட எது சீக்கிரம் காயும் என்பதுதான் இங்கே கேள்வி.

எல்லோரும் பூவில்தான் தொடங்குவார்கள், நாங்களும் அப்படித்தான். பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றினோம். மல்லிகை டீக்கறை நிறத்துக்கு மாறியது. செம்பருத்தி தாளோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ரோஜாவை முழுதாக வைத்ததில் பூசணம் பிடித்தது, இதழ் இதழாகப் பிரித்து வைத்திருக்க வேண்டும். தேறியவை இரண்டு. ஒன்று காகிதப்பூ, அதில் ஈரமே குறைவு. இன்னொன்று சங்குப்பூ, அதன் நீலம் ஓரளவு நிற்கிறது. வேகமாகக் காய்ந்தால் நிறம் அதிகம் தங்கும். அதனால் இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே பூவை வைத்து, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் பத்து விநாடி அழுத்தி, எடுத்து, ஆறவிட்டு, மறுபடி அழுத்தலாம். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். இப்படிச் செய்தால் இரண்டு வார வேலை ஒரு மாலையில் முடியும். ஆனால் ஜன்னல் ஓரம் வைத்த அட்டையில் நீலம் வெளுத்துவிடும்.

அழகுப் போட்டி என்றால் அரசிலையின் நரம்பு வலைக்கு எதிரே எதுவும் நிற்காது. ஆனால் அதற்குப் படும் பாடு! இலையை மூன்று நான்கு வாரம் தண்ணீரில் அழுகவிட வேண்டும். சதை அழுகிக் கரையும், நரம்பு நிற்கும். வாடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "வீட்டுக்குள்ளயே சாக்கடை வளக்கிறியா?" என்றார் அம்மா. குறுக்குவழி உண்டு. சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்கலாம். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். கையுறை வேண்டும். பத்து இலையில் எங்களுக்கு நான்கு தேறியது. மற்றவற்றில் முதலில் ஒடிந்தது அந்த வால் போன்ற நுனிதான். அது போனால் அரசிலை எந்த மரத்து இலையோ ஆகிவிடுகிறது.

வைக்கோலை ஊறவைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, இஸ்திரி போட்டால் தங்க ரிப்பன் மாதிரி மின்னும். கரும்பு, பொங்கப்பானை எல்லாம் வெட்டி ஒட்டலாம். பொறுமைசாலிகளுக்கு நல்லது, எனக்கு இல்லை. நெற்கதிரை ஒட்டுவது மட்டும் வேண்டாம். தபால் முத்திரை ஓங்கி விழும்போது மணி உதிர்ந்துவிடும், உறையும் புடைத்துக்கொள்ளும்.

கடைசியாகத்தான் எங்களுக்குப் பூளைப்பூ நினைவு வந்தது. சிறுபீளை என்றும் பொங்கப்பூ என்றும் சொல்வார்கள். கொங்குப் பக்கம் பொங்கலுக்கு வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டு வாசலில் காப்புக் கட்டும் அதே செடி. அதன் வெள்ளைக் கதிர் செடியில் இருக்கும்போதே பாதி காய்ந்த மாதிரிதான் இருக்கும். தாளுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் போதும். நிறமே இல்லாததால் வெளுக்கவும் வழியில்லை. வெள்ளை அட்டையில் ஒட்டினால் கண்ணுக்கே தெரியாது. செங்காவி நிறத்தில் ஒட்டிப் பாருங்கள், காவி இட்ட வாசலில் கோலம் போட்ட மாதிரி இருக்கும். பசையைக் காம்பில் மட்டும் தொட வேண்டும். பூவில் பட்டால் பஞ்சு திரண்டு அசிங்கமாகிவிடும். கொஞ்சம் உதிரவும் செய்யும், மேலே ஒரு மெல்லிய தாளை மூடி அனுப்பலாம். சந்தைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காப்புக் கட்டு வந்து குவிவது போகிக்கு முந்தைய ஓரிரு நாளில்தான், அதற்குள் நம் தபால் போயிருக்க வேண்டும். மழை ஓய்ந்த பிறகு காலி மனைகளில் தேடினால் கிடைக்கும். பக்கத்திலேயே ஆவாரம் இருந்தால் பூவை விட்டுவிட்டு அந்தத் தட்டையான காய்ந்த காயைப் பறியுங்கள். பூவின் மஞ்சள் எங்களிடம் ஒரு வாரத்தில் மங்கிவிட்டது, காய் அப்படியே இருக்கிறது. உள்ளே விதை இருந்தால் உதிர்த்துவிட்டு ஒட்டுங்கள்.

பசைக்கு ஃபெவிக்காலைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, பிரஷ் நுனியால் தொட்டு வைத்தால் போதும். மைதாப் பசை மலிவுதான், ஆனால் பூச்சி வரும். புத்தகம் கட்டுபவர்கள் அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆகாது.

இந்த வருடம் முப்பது அட்டை. இருபத்தைந்து பூளைப்பூ, நான்கு அரசிலை. மீதி ஒன்று சிட்னியில் இருக்கும் தம்பிக்கு. செடி, விதை விஷயத்தில் ஆஸ்திரேலியா ரொம்பக் கறார் என்பதால், அவனுக்கு மட்டும் பூளைப்பூ அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக முடிவு.