கேம்பர் வேன் காப்பீடு: மடிப்பாக்கத்து முகவர் அக்காவிடம் எடுத்த பாலிசி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் மாருதி ஈக்கோ வேன் சென்னை மடிப்பாக்கத்தில் வீட்டு வாசலில்தான் நின்றது. தண்ணீர் வடிந்ததும் நான் முதலில் செய்த காரியம் சாவியைத் திருகியது. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். மெக்கானிக் ஏர் பில்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். பழுப்புத் தண்ணீர் அவர் காலில் கொட்டியது. எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. அப்போது எங்களிடம் இருந்தது முழுக் காப்பீடு. இருக்கைகளுக்கும் வயரிங்குக்கும் பணம் வந்தது, எஞ்சினுக்கு வரவில்லை. தண்ணீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் வரும் சேதத்தை வெள்ளச் சேதமாக எடுக்காமல் அதன் தொடர்விளைவு என்று தள்ளிவிடுவார்கள். அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்று தனிக் கவர் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் கவரை நீக்கி நான் மிச்சம் பிடித்தது ஆயிரம் ரூபாய்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் உள்ளேயே தூங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனாக மாற்ற, வேனுக்குள் மடக்குப் படுக்கை, லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்தோம். பில்களைக் கூட்டினால் 85,000 ரூபாய். 2025 மார்ச்சில் பாலிசியைப் புதுப்பிக்க இணையத்தில் தேடினேன். குறைந்த பிரீமியம் காட்டிய இடத்தில், வண்டியின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, 1,90,000 ரூபாய்க்கு இறக்கிவைத்திருந்தார்கள். வண்டி திருடுபோனால் கையில் வருவது அந்தத் தொகைதான். 85,000 ரூபாய்ச் சாமான்களைக் குறிப்பிட அங்கே ஒரு கட்டம்கூட இல்லை.

கூட்ரோடு அருகே ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு முகவர் அக்கா இருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொல்லிப் போனேன். அவர் விலை பேசவே இல்லை. கீழே இறங்கிவந்து வேனின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். படுக்கைக்கு அடியில் தலையை விட்டு, பேட்டரியின் வயரை விரலால் தொட்டுக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று பார்த்தார். “தம்பி, கூரையை எங்காவது வெட்டினீர்களா? சீட்டைக் கழற்றினீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “நல்லது. வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் கிளெய்ம் நேரத்தில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்” என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அது என்று வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

வேனுக்குள் பொருத்தியதைப் பாலிசியில் சேர்க்க, சாமான்களின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 85,000க்கு 3,400 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,012. முதலில் எனக்கும் கசந்தது. ஆனால் சொல்லாமல் விட்ட பேட்டரி எரிந்துபோனால் ஒரு ரூபாயும் கேட்க முடியாது. கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான்: பொருத்தியதை மறைக்காதீர்கள், எஞ்சின் பாதுகாப்புக் கவரை வெட்டாதீர்கள்.

மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது, அரசு நிர்ணயித்தது. ஈக்கோ போன்ற 1,000 முதல் 1,500 சி.சி. வண்டிக்கு 2025 மார்ச்சில் அது 3,416 ரூபாய். எந்தக் கம்பெனியிலும் அது மாறாது, அதனால் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதியை மட்டும் ஒப்பிட்டால் போதும். கிளெய்ம் இல்லாத ஓராண்டு கடந்திருந்ததால் எனக்கு அதில் 20 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி கிடைத்தது. ஐந்து ஆண்டில் இது 50 வரை ஏறும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் போய்விடும்.

முதல் 2,500 ரூபாய்ச் சேதத்தை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்ததில் 750 ரூபாய் குறைந்தது. 15,000 ரூபாயை ஏற்றாலும் தள்ளுபடி 2,500ஐத் தாண்டாது என்று அக்கா சொன்னார்; ஒரு பம்பருக்கே அதைவிட அதிகம் ஆகும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். எங்கள் வேன் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர்கூட ஓடாது. ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கட்டும் திட்டத்துக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. ஓடோமீட்டரைப் படம் எடுத்து அனுப்பி 7,500 கிலோமீட்டர் வரம்பில் அதையும் சேர்த்துக்கொண்டேன். ஐ.டி.வி. 2,50,000, எஞ்சின் பாதுகாப்பு, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலையைக் கழிக்காமல் இருக்க ஜீரோ டெப் என எல்லாம் சேர்த்துக் கட்டியது 14,120 ரூபாய்.

என் சித்தப்பா மகன் ஏற்காடு போக வேனைக் கேட்டான், நாளுக்கு 2,000 ரூபாய் தருவதாகவும் சொன்னான். சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது வாடகை. தனிநபர் உபயோகப் பாலிசி அதற்குச் செல்லாது.

அக்காவிடம் குறையும் உண்டு. மதியம் 1 முதல் 4 மணிவரை போனை எடுப்பதில்லை. பாலிசி வந்த அன்று இரவு வேனுக்குள் விளக்கைப் போட்டு வரி வரியாகப் படித்தேன்: சாமான்களின் மதிப்பு 85,000க்குப் பதில் 58,000 என்று அச்சாகியிருந்தது. நான் பார்க்காமல் விட்டிருந்தால் 27,000 ரூபாய் போயிருக்கும். மறுநாள் காலை சொன்னேன். “தப்பு என்னுடையது தம்பி” என்று உடனே ஒப்புக்கொண்டு, நான்கு நாளில் திருத்தம் வாங்கித் தந்தார். அடுத்த ஆண்டும் அவரிடம்தான் போவேன். போகிறவர்கள் ஆர்.சி., பழைய பாலிசி, சாமான் பில்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாலை 5 மணிக்கு மேல் போங்கள். வண்டியையும் ஓட்டிக்கொண்டு போங்கள், அவர் பார்க்காமல் எழுத மாட்டார்.